ஒரு விதையும் ஒரு குறிப்பேடும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி உடுமலைப்பேட்டையில் நடைபெற்ற பெற்றோர் - மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வெள்ளி விழா என்றால் மேடையில் பெரிய செய்திகளைப் பேசுவது வழக்கம். கல்வியின் மேன்மையைப் பற்றியும், அண்ணல் அம்பேத்கர் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்த வரலாற்றைப் பற்றியும் நமக்கு முன் பேசியவர்கள் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். அவற்றையே மீண்டும் கூறி உங்கள் பொழுதைப் போக்க நாம் விரும்பவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. உண்ட பழத்தின் விதையைக் குப்பையில் எறியாமல், வீட்டிலேயே பிள்ளைகளோடு கூடி ஊன்றி, அதனை ஒரு செடியாக வளர்ப்பது எப்படி என்பதே அது.

இந்த மேசைமீது ஒரு பப்பாளிப் பழம் இருப்பதைக் காண்கிறீர்கள். உரை முடிந்தவுடன் இதனை அறுத்து, வந்திருக்கும் குழந்தைகள் ஒவ்வொருவர்க்கும் பத்து விதைகள் கொடுப்பதாக இருக்கிறோம். ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள் உள்ளன. ஆகவே எவருக்கும் இல்லை என்று சொல்ல நேராது.

நம் உள்ளத்தில் உள்ள தடை

இச்செய்தியை நம் சங்கக் கூட்டத்தில் முதன்முதலில் கூறியபோது, தென்னந்தோப்பில் கூலி வேலை செய்யும் தந்தை ஒருவர் எழுந்து, "ஐயா, நாங்க மண்ணுல கெடந்தது போதாதுங்களா? எம் பொண்ணாவது பேனாப் புடிக்கட்டுமுங்க" என்றார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அச்சொல்லில் இருந்த வலியை நாம் அறியாதவர் அல்லோம்.

நாம் சிறுவராய் இருந்தபோது பயின்ற பள்ளி ஒன்றில் அழகியதொரு தோட்டம் இருந்தது. அதற்குக் கிணற்றிலிருந்து நீர் சுமந்து ஊற்றும் வேலை நம் தெருப் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாம் குடம் சுமந்துகொண்டிருப்போம். செடி பூத்தபோது அப்பூவைப் பறிக்கும் உரிமை நமக்கு இல்லை. அச்செடியின் பெயரைக்கூட நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பதினேழாம் வாய்ப்பாடு நமக்கு இன்றும் சற்றுத் தடுமாறும். அந்தக் கிணற்றின் படிகள் எத்தனை என்பது மட்டும் மறக்கவில்லை.

ஆகவே, "மண்ணைத் தொடாதே" என்று தம் மகளைத் தடுக்கும் தந்தையை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நம்மைத் தாழ்த்தியது மண்ணா? அன்று. பிறருடைய செடிக்கு, பிறருடைய ஏவலால், பெயரும் அறியாமல், பயனும் பெறாமல் நீர் சுமந்ததே நம்மைத் தாழ்த்தியது. செடி நம்முடையதாகி, அதன் பெயரையும் இயல்பையும் நாம் அறிந்து, நாள்தோறும் அதனைப் பற்றி நம் கையாலேயே ஏட்டில் எழுதி வைப்போமானால் அது கூலி வேலை ஆகாது. அதற்குக் கல்வி என்று பெயர். மண்ணைத் தொடும் கை ஒன்று, பேனாவைத் தொடும் கை வேறொன்று என்று பிரித்து வைத்ததே சாதி. அவ்விரண்டையும் ஒரே கையில் சேர்ப்பது நம் கடமையாகும்.

செடிகளின் மருத்துவர்

இதற்குச் சான்றாக ஒரு பெருமகனார் வரலாற்றை இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்க நாட்டில் மிசௌரி மாநிலத்தில், ஏறத்தாழ 1864-ஆம் ஆண்டில், அடிமைத் தாயின் வயிற்றில் அடிமையாகவே பிறந்தவர். உடல் நலிந்த பிள்ளையாதலால் வயல் வேலைக்கு அனுப்பப்படாமல், வீட்டைச் சுற்றியுள்ள செடிகொடிகளைப் பேணி வளர்த்தார். வாடிய செடியைத் தழைக்கச் செய்வதில் அவருக்கு இருந்த திறனைக் கண்டு, அக்கம்பக்கத்தார் அச்சிறுவனைச் 'செடி மருத்துவர்' என்றே அழைத்தனர். வளர்ந்தபின் கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்று கடிதத்தின்வழி அவருக்கு இடம் அளித்தது; நேரில் சென்று நின்றபோது, கறுப்பர் என்று கண்டு திருப்பி அனுப்பிவிட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1891-இல் அயோவா வேளாண்மைக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, 1894-இல் இளநிலைப் பட்டமும், 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பை ஏற்று, கறுப்பின மக்களுக்காக நடத்தப்பட்ட டஸ்கிகீ நிறுவனத்தில் ஆசிரியராகி, 1943-இல் மறையும் வரை அங்கேயே தொண்டாற்றினார். பருத்தியையே மீண்டும் மீண்டும் விதைத்துச் சாரமிழந்த நிலங்களில் நிலக்கடலையும் தட்டைப்பயறும் மாற்றிப் பயிரிடுமாறு ஏழை உழவர்களுக்குக் கற்பித்தார். பள்ளிக்கு வர இயலாத உழவர்களிடம் பள்ளியே செல்லட்டும் என்று, 1906-ஆம் ஆண்டில் குதிரை வண்டி ஒன்றை வகுப்பறையாக்கி ஊர் ஊராக அனுப்பினார். இத்துணையும் ஒரு பிள்ளை செடி ஒன்றை உற்றுநோக்கியதில் தொடங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

ஏன் பப்பாளி?

மா, பலா, கொய்யா, சீத்தா, எலுமிச்சை, புளி என எத்தனையோ விதைகள் இருக்கப் பப்பாளியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் விதையிட்டால், மறு ஆண்டு பள்ளி திறக்கும் வேளையில் பழம் பறிக்கத் தொடங்கலாம். ஒரு வகுப்பு மாறுவதற்குள் தன் உழைப்பின் பயனைப் பிள்ளை கண்ணால் காணும். நம் வீடுகள் பெரும்பாலும் தொகுப்பு வீடுகள். சுற்றிலும் தோட்டம் போட இடமில்லை. பப்பாளிக்கோ சுவரோரத்தில் ஒரு முழ இடம் போதும். அப்பழத்தில் வைட்டமின் ஏ, சி ஆகிய இரு சத்துகளும் நிறைந்துள்ளன.

இப்பப்பாளி நம் நாட்டு மரமன்று என்பதும் குழந்தைகள் அறிய வேண்டிய செய்தி. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கடல்வழி கொணர்ந்தது. கொய்யாவும் சீத்தாவும்கூட அக்கண்டத்திலிருந்து வந்தவையே. இன்று இவை இல்லாத ஊர் உண்டா? எங்கே பிறந்தாய் என்று இந்த மண் அவற்றைக் கேட்கவில்லை.

விதையிடும் முறை

பெற்றோரும் பிள்ளைகளும் செய்ய வேண்டியவற்றை முறையாகக் கூறுகிறோம். சிறியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, நன்கு பழுத்த பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் சிவந்த சதையுள்ள பழங்களில் பல, 'ரெட் லேடி' போன்ற கலப்பின வகையைச் சேர்ந்தவை. அவற்றின் விதையும் முளைக்கும். ஆனால் தாய்ப் பழத்தின் குணம் அப்படியே வருமென்று உறுதி கூற இயலாது. தெரிந்தவர் வீட்டில் நன்றாகக் காய்க்கும் நாட்டு மரத்தின் பழம் கிடைத்தால் நல்லது.

இரண்டாவது, விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையை நீக்க வேண்டும். பழத்தின் உள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கும் பொருள் அவ்வுறையில் உள்ளது. அடுப்புச் சாம்பலைத் தூவிக் கையால் தேய்த்துக் கழுவினால் அது எளிதில் அகலும். பின்னர் வெயிலில் அன்றி நிழலில் ஓரிரு நாள் உலர்த்த வேண்டும். இம்முறையை நம் பாட்டிமார் எந்த நூலையும் படித்து அறிந்தாரல்லர். ஆயினும் அவர்கள் செய்தது அறிவியலே.

மூன்றாவது, நாற்றுப் பை. காலியான பால் பாக்கெட்டே போதும். அடியில் நான்கைந்து துளைகள் இட்டு, செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புக. நம் பகுதியில் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் புதிதாக எடுத்ததை அப்படியே இடலாகாது. நன்கு மட்கியதையே சிறிதளவு சேர்க்கலாம்.

நான்காவது, ஒரு பைக்கு நான்கு விதைகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களில் முளை தோன்றும். அதுவரை பிள்ளை பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்க்கும். அதனைத் தடுப்பதே பெற்றோரின் முதல் வேலை!

ஐந்தாவது, இரண்டு மாத நாற்றை நிலத்துக்கு மாற்றுக. முக்கால் முழம் முதல் ஒரு முழம் வரை நீள அகல ஆழமுள்ள குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு நடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடிக் காற்றின் வலிமையை நாம் அறிவோம்; இப்பகுதியில் காற்றாலைகள் சுழல்வது அதனால்தானே! அக்காற்று மெல்லிய பப்பாளித் தண்டைச் சாய்த்துவிடும். ஆதலின் சுவர் மறைவில், ஆவணியில் நடுதல் ஏற்றது. வேரடியில் நீர் தேங்கினால் ஓரிரு நாளிலேயே மரம் அழுகத் தொடங்கும். அடியில் மண்ணை மேடாக அணைத்து நீர் வடிய வழி செய்க. தட்டுகளிலும் வாளிகளிலும் நீர் தேங்க விட்டால் கொசு பெருகிக் காய்ச்சல் வரும் என்பதையும் மறவாதீர்.

நிலமே இல்லாதவர் பழைய பெயிண்ட் வாளியின் அடியைத் துளைத்து அதில் கொய்யாவோ எலுமிச்சையோ வளர்க்கலாம். பயன் சற்றுத் தாழ்ந்து வரும், பாடம் ஒன்றே.

குறிப்பேடு

விதையைவிட இன்றியமையாதது குறிப்பேடு. நாற்பது பக்க ஏடு ஒன்றில் நாள்தோறும் இரண்டு வரி எழுதினால் போதும். விதைத்த நாள், முளைத்த நாள், இலைகளின் எண்ணிக்கை, வாரத்துக்கு ஒருமுறை உயரம் எத்தனை சென்டிமீட்டர், எப்போது நீர் ஊற்றினோம், இலையில் பூச்சி கண்டோமா ஆகியவற்றைப் பிள்ளையே எழுத வேண்டும். இருபத்துநான்கு விதைகளில் பன்னிரண்டு முளைத்தால் அது ஐம்பது விழுக்காடு. பதினெட்டு முளைத்தால் எழுபத்தைந்து. இங்கே விழுக்காட்டுக் கணக்கு வந்துவிட்டது. வாரந்தோறும் அளந்த உயரத்தைக் கட்டத் தாளில் புள்ளியிட்டு இணைத்தால் வரைபடம் வந்துவிட்டது. கண்டதைக் கண்டவாறு எழுதினால் கட்டுரை வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு வரை வந்தும் சொந்தமாக நான்கு வரி எழுதத் தயங்கும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களிடம் சொல் இல்லாமல் இல்லை. எழுதுவதற்குத் தமக்கென்று ஒரு செய்தி இல்லை என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். செடி அச்செய்தியைத் தரும்.

ஒரே பழத்தின் விதைகள்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மாலை வகுப்பில் நடந்த ஒரு சோதனையை இங்குக் கூறியாக வேண்டும். ஒரே பழத்தின் விதைகளை எடுத்துப் பன்னிரண்டு பைகளில் நான்கு நான்காக ஊன்றினோம். ஆறு பைகளில் மேற்கூறிய நல்ல கலவை. மற்ற ஆறில் கட்டட வேலை நடந்த இடத்தில் அள்ளிய செங்கற்பொடி கலந்த மண். நீரும் வெயிலும் இரண்டுக்கும் ஒன்றே.

நல்ல மண்ணில் இருபத்துநான்கில் பத்தொன்பது முளைத்தன. கெட்ட மண்ணில் பதினேழு முளைத்தன. பார்த்தீர்களா? முளைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ஏனெனில் முளைக்கும்போது விதை தன்னுள் தாய் வைத்த உணவைக் கொண்டே முளைக்கிறது. அவ்வுணவு தீர்ந்து, மண்ணிலிருந்து உணவெடுக்க வேண்டிய நாள் வந்தபோதுதான் வேறுபாடு தொடங்கியது. பைக்கு ஒரு நாற்றை மட்டும் விட்டு அளந்து வந்தோம். நாற்பத்தைந்தாம் நாள் நல்ல மண்ணில் நின்றவை ஒரு சாண் உயரம், மற்றவை அதில் பாதியும் இல்லை, இலையும் வெளிறியிருந்தது.

புதிதாக வந்த மாணவன் ஒருவன், குட்டை நாற்றுகளைக் காட்டி, "ஐயா, இதெல்லாம் மக்கு விதைங்களா?" என்று கேட்டான். நாம் விடை கூறுமுன், முதல் நாளிலிருந்து குறிப்பேடு எழுதிவந்த மாணவி, "வெதை ஒண்ணுதானுங்க, பைதான் வேற" என்றாள்.

இளைஞர்களே! அந்தச் சிறுமி சொன்னது பெரிய உண்மை. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் ஆர்தர் ஜென்சன், கறுப்பினக் குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்குவதற்குப் பிறவிக் காரணம் இருக்கக்கூடும் என்று எழுதியபோது பெரும் விவாதம் எழுந்தது. மறு ஆண்டு, மரபியல் அறிஞர் ரிச்சர்டு லெவான்டின் அதனை மறுத்து எழுதுகையில் மக்காச்சோள விதையை எடுத்துக்காட்டினார். ஒரே மூட்டையிலிருந்து இரு பிடி விதையை அள்ளுக. ஒன்றை நிறை ஊட்டத்திலும் மற்றொன்றைக் குறை ஊட்டத்திலும் வளர்த்திடுக. ஒரே தொட்டிக்குள் ஒரு செடி உயர்வதும் மற்றது தாழ்வதும் விதையின் இயல்பால் நேரலாம். ஆனால் இரு தொட்டிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஊட்டத்தால் மட்டுமே நேர்ந்தது என்றார். "தகுதி, தகுதி" என்று நம்மிடம் பேசுவோர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

சோதனை அத்துடன் முடியவில்லை. அந்தக் குட்டை நாற்றுகள் ஆறையும் வேர் மண் உதிராமல் எடுத்து நல்ல மண்ணுக்கு மாற்றினோம். எல்லாம் தழைத்துவிட்டன என்று கூறினால் அது பொய்யாகும். நான்கு தழைத்தன, இரண்டு பட்டுப்போயின. தழைத்த நான்கும் மற்றவற்றுக்குப் பிந்தியே பூத்தன. இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் விடுதியும் இந்த மண்மாற்றம் போன்றவையே. அவை சலுகை அல்ல, மறுக்கப்பட்ட ஊட்டம். அவ்வூட்டம் காலந்தாழ்ந்து வந்தால் சில உயிர்களை இழக்கிறோம். எட்டாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிட்ட நம் பிள்ளைகளை எண்ணும்போது அந்த இரண்டு நாற்றுகளே நம் கண்முன் நிற்கின்றன. ஆகவே ஊட்டம் தொடக்கத்திலேயே தரப்பட வேண்டும். வீட்டிலிருந்தே தரப்பட வேண்டும்.

எனினும் உவமையை அளவோடு கொள்ள வேண்டும். செடிக்குக் கால் இல்லை. தன் மண்ணைத் தானே மாற்றிக்கொள்ள இயலாது. மனிதர்க்கு அவ்வாறில்லை. கூடி நின்றால் மண்ணை மாற்றலாம். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவருவது அதுவே.

காய்க்காத மரமும் பாடமே

அம்மாணவி ஒரு நாற்றைத் தன் வீட்டுச் சுவரோரம் நட்டாள். ஐந்தாம் மாதத்தில் நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கள் தொங்கின. வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. தந்தை வெட்ட அரிவாளை எடுத்துவிட்டார். அவள் குறிப்பேட்டுடன் நம்மிடம் ஓடிவந்தாள்.

அது ஆண் மரம். பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், இருபால் பூக்கள் கொண்ட மரம் என மூவகை உண்டு. பூக்கும் வரை எது எதுவெனக் கண்ணால் கண்டறிய முடியாது. ஆகவேதான் ஒரு குழியில் இரண்டு, மூன்று நாற்றுகளை நட்டு, பூத்தபின் வேண்டாதவற்றை நீக்குவார்கள். தோட்டங்களில் ஏறத்தாழ இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவைப்பார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.3, கோ.7 ஆகிய வகைகளில் பெண் மரங்களும் இருபால் மரங்களும் மட்டுமே வருவதால் இவ்விடர் இல்லை.

இதனை விளக்கியபின் அத்தந்தை அரிவாளை வைத்துவிட்டார். அவர் தென்னந்தோப்பில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். முதலில் "பேனாப் புடிக்கட்டுமுங்க" என்று எழுந்து பேசியவரும் அவரே. "தென்னையில ஆண் பூவும் பொண் பூவும் ஒரே பாளையிலதான் வரும்; நுனியில ஆணு, அடியில குரும்பை" என்று மகளுக்கு அவர் விளக்கினார். அவள் அதனையும் எழுதிக்கொண்டாள். அவர் கூறியது தாவரவியல் நூலில் உள்ளபடியே இருந்தது. தம் தந்தைக்கு எழுத்து வராது என்று அதுவரை வெட்கப்பட்ட பிள்ளை, அன்று தந்தை சொல்லச் சொல்ல எழுதினாள். இப்பணியால் நாம் பெற்ற பயன்களுள் தலையாயது இதுவே என்று கருதுகிறோம். படித்த பிள்ளைகள் உழைத்த பெற்றோரைத் தாழ்வாக எண்ணும் நிலை நம்மிடையே வளர்ந்து வருகிறது. பெற்றோரிடம் உள்ள அறிவு ஏட்டில் ஏறவில்லை. அதனால் அதற்கு மதிப்பெண் இல்லை. அதனை ஏட்டில் ஏற்றும் பணி பிள்ளைகளுடையது.

பொறுமையுள்ளோர்க்கு மாங்கொட்டை

பப்பாளியில் தேர்ந்தவர்கள் அடுத்த கோடையில் மாங்கொட்டையை எடுத்துக்கொள்ளலாம். மாங்கொட்டை நெடுநாள் உயிரோடிராது, காய்ந்துவிட்டால் முளைக்காது. பழம் உண்ட சில நாள்களுக்குள் மேலோட்டை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை ஊன்ற வேண்டும். இதற்கு மாறாக, மேற்காசியாவில் மசாடா என்னும் பழைய கோட்டையில் கண்டெடுத்த ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பேரீச்ச விதை ஒன்று 2005-ஆம் ஆண்டில் ஊன்றப்பட்டு முளைத்தது. விதைக்கு விதை ஆயுள் வேறு.

மேற்குக் கடற்கரை வகை மாமரங்கள் சிலவற்றின் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு கன்றுகள் முளைக்கும். அவற்றுட் பல தாய் மரத்தையே ஒத்திருக்கும். பங்கனப்பள்ளி, நீலம் போன்றவற்றிலோ ஒரு கொட்டைக்கு ஒரு கன்றுதான். அது தாயை ஒத்திருக்குமென்ற உறுதியும் இல்லை. அதனாலேயே ஒட்டுக் கட்டுகிறார்கள். கொட்டையிலிருந்து வந்த மாங்கன்று காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். ஒன்றாம் வகுப்பில் ஊன்றிய பிள்ளை எட்டாம் வகுப்பில் பழம் காணும். அம்மரம் காய்க்கும் வரையேனும் பள்ளியை விட்டு நிற்பதில்லை என்று ஒரு பிள்ளை உறுதி கொண்டால் அதுவே நமக்குப் போதும்.

இவ்வழி எங்கே செல்கிறது?

"செடி வளர்த்தால் வேலை கிடைக்குமா?" என்று இளைஞர்கள் கேட்பது நியாயமே. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் வெளிநாட்டுப் பூச்சி தோன்றி, பப்பாளியோடு மல்பெரி முதலிய பயிர்களையும் பாழாக்கியது. பட்டுப்புழு வளர்ப்போர் பலர் பெரும் இழப்புக்கு ஆளாயினர். மருந்தடித்தும் அடங்கவில்லை. அப்பூச்சியை அழிக்கும் எறும்பினும் சிறிய குளவி இனம் 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தோட்டங்களில் விடப்பட்டது. சிறிது காலத்திலேயே பூச்சி அடங்கியது. இலையைத் திருப்பிப் பார்த்து எழுதி வைக்கும் பழக்கமே இத்தகைய அறிவியலின் முதற்படி.

அப்படியில் ஏறும் வழி நம் பிள்ளைகளுக்கு இன்று திறந்திருக்கிறது. கோயம்புத்தூரிலும் பெரியகுளத்திலும் தோட்டக்கலைக் கல்லூரிகள் உள்ளன. நம் உடுமலையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. பட்டியலினத்தார்க்குரிய பதினெட்டு விழுக்காட்டு ஒதுக்கீட்டோடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பொறியியல், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமையை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியுள்ளது. இச்செய்தியை அறியாமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறுவோர் நம்மிடையே உள்ளனர். அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்ல வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலையைக் கண்டு அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் ஆணை பிறந்து, பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பிறர்க்கு விற்கலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தும், அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. ஆவணத்தைப் படிக்கத் தெரியாமற்போனது அதற்கு ஒரு காரணம் அன்றோ? மரத்தின் உயரத்தை அளந்து எழுதக் கற்ற பிள்ளை நாளை பட்டாவைப் படிக்கும், நிலத்தை அளக்கும், தனக்குரியதைக் கேட்கும்.

நமது வேண்டுகோள்

இறுதியாக, சங்க உறுப்பினர்களை வேண்டிக்கொள்வது இதுவே. இன்று விதை பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றைச் சங்கம் வழங்குகிறது. அதன் முதல் பக்கத்தில் குழந்தை தன் பெயரையும், தனக்கு உதவப்போகும் பெற்றோர் அல்லது பாட்டி, தாத்தா பெயரையும் எழுத வேண்டும். ஆலையில் இரவு ஷிப்டு செல்வோரும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் ஒதுக்கிப் பிள்ளையோடு அச்செடியின் அருகில் அமருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பிள்ளை எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். செடி பட்டுப்போனாலும் அடிக்காதீர்கள். ஏன் பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த சூன் மாதத்தில் குறிப்பேடுகள் அனைத்தையும் இதே மேடைக்குக் கொண்டு வாருங்கள். பழம் கொண்டு வந்தவர்க்கும், பழம் இல்லாமல் குறிப்பேடு மட்டும் கொண்டு வந்தவர்க்கும் வேறுபாடின்றி நாம் வரவேற்பு அளிப்போம்.

அன்று குடம் சுமந்த பிள்ளைக்கு ஒரு பூ மறுக்கப்பட்டது. இன்று அவர் கையால் உங்கள் பிள்ளைகளுக்கு விதை வழங்கப்படுகிறது. குழந்தைகளே, வரிசையாக வாருங்கள், பழத்தை அறுக்கிறோம்.